குஞ்சின் நிறம் சொன்ன ரகசியம்

சேவல் முட்டையிடாது. இது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், இன்று பொரித்த குஞ்சு சேவலா, பெட்டையா? பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கொண்டை வளரும்வரை சில வாரங்கள் எல்லாக் குஞ்சுகளுக்கும் தீனி போட்டே ஆகவேண்டும்.

இதற்கு ஒரு வழி சொன்னார் ரெஜினால்ட் பன்னெட். இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி.

படுக்கையில் பிறந்த ஆசை

பன்னெட் 1875-ம் ஆண்டு டன்பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதில் குடல்வால் நோய் அவரை வாட்டியது. படுத்த படுக்கையில் பிராணிகளைப் பற்றிய புத்தகங்களைப் படித்தார். அந்த ஆசை அவரை விடவே இல்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். பிறகு பேட்சன் என்ற அறிஞருடன் சேர்ந்தார். தாய் தகப்பன் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பதை, செடிகளையும் கோழிகளையும் வைத்து இருவரும் ஆராய்ந்தார்கள். பிறக்கும் குட்டிகளின் குணத்தைக் கணக்கிட மாணவர்கள் இன்றும் போடும் கட்டத்துக்குப் பன்னெட் கட்டம் என்றே பெயர்.

போரும் தீனியும்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்துக்குத் தானியம் கொண்டுவந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. மனிதருக்கே உணவு நெருக்கடி. முட்டையிடாத சேவலுக்குத் தானியத்தைக் கொட்டலாமா?

அப்போது அரசாங்க உணவு உற்பத்தி இலாகாவில் பன்னெட் வேலை பார்த்தார். குஞ்சின் நிறத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம் என்றார்.

எப்படி? ரோட் ஐலண்ட் என்ற சிவப்புச் சேவலை, சசெக்ஸ் என்ற வெள்ளைப் பெட்டையோடு சேர்க்கவேண்டும். பிறக்கும் பெட்டைக் குஞ்சு தகப்பனைப்போல் செம்பழுப்பாக இருக்கும். சேவல் குஞ்சு தாயைப்போல் வெளிறி இருக்கும். காரணம், தாய்க்கோழி தன் வெள்ளை நிறக் கூறை மகனுக்கு மட்டுமே தருகிறது. மகளுக்குத் தகப்பன் நிறம்தான்!

ஆனால் ஜோடியை மாற்றினால் இது பலிக்காது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து ஈனும் குஞ்சுகளிடமும் பலிக்காது. எனவே பண்ணையில் எப்போதும் இரண்டு ஜாதிகளையும் வைத்திருக்கவேண்டும்.

பன்னெட் ஓயவில்லை. மைக்கேல் பீஸ் என்பவருடன் சேர்ந்து, 1929-ல் கேம்பார் என்ற புதுக் கோழி ஜாதியை உருவாக்கினார். அதில் தலைமுறைதோறும் சேவல் குஞ்சு வெளிறியும், பெட்டை கருமையாகவும் பிறந்தன.

சேவலின் கதி

தானியம் மிச்சமாயிற்று. ஆனால் விலை கொடுத்தது யார்? சேவல் குஞ்சுதான். பிறந்த அன்றே அதைக் கொன்றுவிடலாம் என்பதே அந்த யோசனையின் மறுபக்கம். போர் முடிந்தது, அந்த வழக்கம் முடியவில்லை. முட்டைப் பண்ணைகள் பெருகப் பெருக அதுவும் பெருகியது.

பன்னெட் 1967-ல், 91-வது வயதில் காலமானார். 2022-ல் ஜெர்மனி நாடு சேவல் குஞ்சுகளைக் கொல்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பொரிப்பதற்கு முன்பே, முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்கும் கருவிகளும் வந்துவிட்டன.

பசியைப் போக்க வந்த அறிவு ஒரு பாவத்தையும் கூட்டி வந்தது. அந்தப் பாவத்தைத் துடைக்கவும் அறிவுதான் வரவேண்டியிருக்கிறது.