முள்ளைச் சூழ்ந்த உயிரணுக்கள்

நுழையும் முன்

பாலிகஞ்சு மைதானத்தில் பந்தாடும் சிறுவனுக்குத் தொடைத்தசை பிடித்துக்கொள்கிறது. அவ்விடம் வீங்குகிறது, வெப்பமாகிறது, வலிக்கிறது. சில நாள்கள் கழிந்ததும் அவன் மீண்டும் ஓடுகிறான். அந்தச் சில நாள்களில் தசைக்குள் நடப்பது என்ன? விடை தேடும் வழியைத் திறந்துவைத்த அறிஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

இலியா மெச்னிகோவ் 1845-ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள கார்கிவ் நகருக்கு அருகில் பிறந்தார். இளமையிலேயே செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் உற்றுநோக்குவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர் ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார்.

அவருடைய வாழ்வில் துன்பங்களும் குறைவின்றி வந்தன. 1873-ஆம் ஆண்டில் அவர்தம் மனைவி லுத்மிலா காசநோயால் இறந்தார். அன்பிற்குரியவரின் உடலை நோய் சிறிது சிறிதாக அழித்ததை அவர் அருகிலிருந்து கண்டார். அவருடைய கண்பார்வையும் குன்றியது. பின்னர் ஓல்கா என்பாரை மணந்தார். 1882-ஆம் ஆண்டில் பதவியைத் துறந்து, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குக் குடும்பத்துடன் சென்றார்.

அங்கு ஒரு நாள் வீட்டார் அனைவரும் வித்தைக் கூடாரத்துக்குக் குரங்காட்டம் காணச் சென்றனர். மெச்னிகோவ் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் இளவுயிரியில் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் ஊர்வதைக் கண்டார். இவை உடலைக் காக்கும் காவலர்களாக இருக்கலாமோ என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அவ்வாறாயின், வெளிப்பொருள் ஒன்று உடலுள் புகுந்தால் அவை அதனைச் சூழவேண்டும். உடனே தோட்டத்து ரோசாச் செடியின் முட்களைப் பறித்து, இளவுயிரிகளின் தோலினடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் நோக்கினார். ஊரும் உயிரணுக்கள் திரண்டு முள்ளைச் சூழ்ந்து நின்றன!

பின்னர், நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரியின் உடலில் புகுந்த காளான் வித்துகளை இத்தகைய உயிரணுக்கள் விழுங்கிச் செரிப்பதையும் கண்டார். அவற்றுக்கு விழுங்கணுக்கள் என்னும் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. அவற்றுள் பெரியவற்றைப் பெருவிழுங்கணுக்கள் என்று வகைப்படுத்தினார். தலைப்பிரட்டை தவளையாக மாறும்பொழுது அதன் வால் தசை சிதைந்து மறைவதில் இவ்வணுக்களுக்குள்ள பங்கையும் ஆராய்ந்தார்.

அக்காலத்தில் மருத்துவர் பலர் வீக்கத்தையும் அழற்சியையும் கேடு என்றே கருதினர். வெள்ளையணுக்கள் கிருமிகளை உடலெங்கும் பரப்புகின்றன என்று நம்பியோரும் உண்டு. அழற்சி என்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி என்று மெச்னிகோவ் வாதிட்டார். ஜெர்மானிய அறிஞர் பலர் அவரை மறுத்தனர். குருதி நீரிலுள்ள பொருள்களே கிருமிகளை அழிக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. மெச்னிகோவ் ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு புதிய சோதனையால் விடையளிக்க முயன்றார். 1888 முதல் பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார்.

ஒடெசாவில் அவரிடம் பயின்ற வால்டெமார் ஹாஃப்கின், பின்னர் வாந்திபேதிக்குத் தடுப்பூசி உருவாக்கினார். அதனை 1894-ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் குடிசைப் பகுதி மக்களுக்குச் செலுத்தினார். இவ்வாறு ஆசிரியரின் துறை மாணவர் வழியே இந்நகரையும் வந்தடைந்தது.

1908-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு, மெச்னிகோவுக்கும் எதிரணிக் கொள்கையினரான பால் எர்லிக் என்பாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. உயிரணுக்களும் குருதி நீரும் இணைந்தே உடலைக் காக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முதுமையில் அவர் தயிரின் நன்மையை ஆராய்ந்தார். தாமும் நாள்தோறும் புளித்த பாலை அருந்தினார். 1916-ஆம் ஆண்டில் பாரிசில் மறைந்தார். அவர்தம் சாம்பல் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அவர் தொடங்கிய ஆய்வைப் பின்வந்தோர் வளர்த்தனர். தசையின் இழைகள் அறுந்தவுடன் சில மணி நேரத்தில் வெள்ளையணுக்களில் ஒருவகை அங்கு விரைகிறது. அடுத்துப் பெருவிழுங்கணுக்கள் வருகின்றன. அவை முதலில் சிதைந்த இழைகளை விழுங்கி இடத்தைத் தூய்மை செய்கின்றன. அத்துடன், தசையிழையின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணையணுக்களை எழுப்பிப் பெருகச் செய்கின்றன. இத்துணையணுக்கள் 1961-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டவை. சில நாள்களில் பெருவிழுங்கணுக்கள் தம் இயல்பை மாற்றிக்கொள்கின்றன. அழற்சியைத் தணித்து, துணையணுக்கள் ஒன்றிணைந்து புதிய இழையாவதற்குத் துணைபுரிகின்றன. எலிகளில் பெருவிழுங்கணுக்களை நீக்கிப் பார்த்தபொழுது, தசை சரிவரச் சீராகவில்லை. எனவே, அடிபட்ட இடத்தின் வீக்கம், அளவோடு தோன்றி அளவோடு அடங்கும்வரை, பழுது பார்க்கும் பணியின் அடையாளமே ஆகும்.

சொற்பொருள்

அழற்சி – வீக்கம், வெப்பம், வலி ஆகியவற்றுடன் தோன்றும் உடல் மாற்றம்
இளவுயிரி – முழுவளர்ச்சி பெறாத உயிரி
துறந்து – விட்டு விலகி
தணித்து – குறைத்து

பயிற்சி

1. மெச்னிகோவ் முள்ளைச் செருகி எதனை அறிய விரும்பினார்?
2. அழற்சி குறித்து மருத்துவர் பலர் கருதியது யாது? மெச்னிகோவ் கருதியது யாது?
3. பெருவிழுங்கணுக்கள் தசையில் செய்யும் இருவகைப் பணிகளை எழுதுக.
4. பிரித்து எழுதுக: துணையணுக்கள், அவ்விடம், பெருவிருப்பம்.
5. உமக்கு அடிபட்டு ஆறிய நிகழ்வொன்றை நாள் வரிசையில் ஐந்து தொடர்களில் எழுதுக.