நோய் வந்த வழி

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வருங்கால், திண்டுக்கல் சமவெளிச் சாலைகளில் பழனிக்கு நடந்து செல்லும் அடியார்களைத் திரள் திரளாகக் காணலாம். முன்னாளில் இத்தகைய கூட்டங்களினூடே காலரா என்னும் வாந்திபேதியும் ஊர்விட்டு ஊர் பரவியதுண்டு. மக்கள் அதனைத் தெய்வத்தின் சினம் என்று அஞ்சினர். மேனாட்டு மருத்துவருட் பலர் கெட்ட காற்றே காரணம் என்றனர். அந்நோய் வரும் வழியை ஆராய்ந்து கண்ட பெரியார் ஜான் ஸ்னோ ஆவார்.

இவர் 1813ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் யார்க் நகரில் ஏழைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். 14ஆம் வயதிலேயே மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே காலரா பரவியபோது, இளைஞரான ஸ்னோ அவர்களுக்குத் தொண்டு செய்தார். பின்னர் இலண்டன் சென்று, 1844இல் உயர் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

நோயாளியைப் பார்த்துச் செல்லும் மருத்துவருக்குக் காலரா பெரும்பாலும் வருவதில்லை. ஆனால், சாவு வீட்டிற்கு வந்து உணவருந்திய உறவினர் பலருக்கு அது வருகிறது. இவ்வேறுபாட்டை ஸ்னோ கூர்ந்து நோக்கினார். நோயாளியின் துணியையும் படுக்கையையும் தொட்டவர் கைகழுவாது உணவைக் கையாளின், இறந்தவர் உடலருகே செல்லாத விருந்தினரையும் நோய் பற்றும் எனத் தெளிந்தார். நோய்நஞ்சு காற்றால் அன்று, வாய்வழியே புகுகிறது என்று 1849இல் நூலெழுதினார். அதனை ஏற்றோர் மிகச் சிலரே.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், இலண்டனில் பிராடு தெருவைச் சுற்றிக் காலரா கொடுமையாக மூண்டது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் மாண்டனர். ஸ்னோ இறந்தோர் இல்லந்தோறும் சென்று வினவினார். பெரும்பாலோர் அத்தெருவின் அடிகுழாய் நீரைக் குடித்தவர். தொலைவில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரும் மாண்டார். அந்நீரின் சுவையை விரும்பிய அவர், நாள்தோறும் அதனை வண்டியில் வருவித்துப் பருகியவர். அவரைக் காணவந்த உறவுப்பெண்ணும் அந்நீரைப் பருகித் தன் ஊர் திரும்பி இறந்தாள். அவ்விரண்டு இடங்களிலும் அப்போது காலரா இல்லை!

ஸ்னோ கூறிய சான்றுகளைக் கேட்டு, ஊராட்சியினர் செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றினர். மக்கள் பலர் வெளியேறியமையால் நோய் முன்னரே தணியத் தொடங்கியிருந்தது. இதனை ஸ்னோவும் மறைக்கவில்லை. எனினும், அதிகாரிகள் அவர் கொள்கையை ஏற்க மறுத்தனர். உரிய புகழைக் காணாமலே, 1858இல் தம் 45ஆம் வயதில் அவர் மறைந்தார்.

1884இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஸ்னோ கண்டது மெய்யென உலகம் உணர்ந்தது.

மாணவர்களே! விழா வீடாயினும் துக்க வீடாயினும், பலர் கூடியுண்ணும் இடத்தில் தூய நீரும் கழுவிய கையுமே காவல். பிறர் ஏற்காவிடினும், வீடுவீடாய் நடந்து உண்மையைத் தேடிய அவ்வறிஞரின் உறுதி நமக்கும் வேண்டுவதன்றோ?