உலோகத்தைச் சுற்றி ஆறு இடங்கள்

ஆல்ஃபிரட் வெர்னர் 1866ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், பிரான்ஸின் அல்சாஸ் பகுதியிலுள்ள முலூஸ் நகரில் பிறந்தார். அவர் நான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது அப்பகுதி ஜெர்மனியின் வசமாயிற்று. வேதியியலில் ஆர்வம் கொண்ட அவர், இளம் வயதிலேயே வீட்டின் பின்புறக் கொட்டகையில் சோதனைகள் செய்து பார்த்தார். பின்னர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குச் சென்று, 1890இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் ஒரு புதிர் வேதியியலாளர்களைக் குழப்பியது. கோபால்ட் குளோரைடு தன்னளவில் நிறைவான சேர்மம். ஆயினும், அது அம்மோனியாவுடனும் சேர்ந்து மஞ்சள், ஊதா, பச்சை எனப் பல வண்ண உப்புகளைத் தந்தது. மின்சுமையற்ற அம்மோனியா மூலக்கூறுகளை உலோகம் எவ்வாறு பற்றிக்கொள்கிறது? அவை சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன என்று டென்மார்க்கின் மூத்த அறிஞர் யோர்கென்சன் கருதினார்.

1893இல், 26 வயதே ஆன வெர்னர் வேறொரு விளக்கம் தந்தார். கோபால்ட் அயனி நடுவில் இருக்கிறது. அதைச் சுற்றி ஆறு திசைகளில் ஆறு இடங்கள் உள்ளன. அம்மோனியா மூலக்கூறுகளும் குளோரைடு அயனிகளும் அவ்விடங்களில் நேரடியாகப் பிணைகின்றன என்றார். பின்னிரவு 2 மணிக்கு உறக்கம் கலைந்தபோது இக்கருத்து தோன்றியதாகவும், அன்று மாலை 5 மணிக்குள் கட்டுரையை எழுதி முடித்ததாகவும் கூறுவர். ஆனால், அவரிடம் போதிய சான்றுகள் இல்லை. எனவே, பலர் அதை ஏற்கத் தயங்கினர்.

வெர்னர் மனந்தளரவில்லை. சூரிக் பல்கலைக்கழகத்தின் இருண்ட நிலவறை ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு பல ஆண்டுகள் உழைத்தார். தம் கோட்பாட்டின்படி இருக்கவேண்டிய, ஆனால் அதுவரை எவரும் கண்டிராத ஊதா நிற உப்பு ஒன்றை 1907இல் தயாரித்தார். யோர்கென்சனும் தம் கருத்து தவறென்பதைப் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார். 1911இல், எத்திலீன் டையமின் என்னும் சிறிய கரிம மூலக்கூறுகள் பிணைந்த கோபால்ட் சேர்மத்தை வெர்னர் ஆராய்ந்தார். வலக்கையும் இடக்கையும்போல் அமைந்த அதன் இரு வடிவங்களைப் பிரித்துக் காட்டினார். ஆறு திசைக் கோட்பாடு உறுதிப்பட்டது.

1913இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் நோய்வாய்ப்பட்ட அவர், 1919 நவம்பர் 15ஆம் நாள் தமது 52ஆம் வயதில் காலமானார்.

புற்றுநோய்க்கு இன்று அளிக்கப்படும் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து, பிளாட்டினத்துடன் அம்மோனியா பிணைந்த ஒரு சேர்மமே. அதன் அமைப்பையும் வெர்னர் 1893லேயே சரியாகக் கணித்திருந்தார். இளைஞர் ஒருவர் துணிந்து முன்வைத்து, அயராது உழைத்து மெய்ப்பித்த கருத்து, இன்றும் உயிர்களைக் காக்க உதவுகிறது.