தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

பொருளீட்டுதற்கு ஒரு தொழிலும், உள்ளம் உவத்தற்கு ஒரு கலையும் உடையராய் வாழ்வார் எந்நாளும் உளர். அக்கலையை ஓய்வுப்பொழுதின் விளையாட்டாகவே வைத்துக் கழிப்பார் பலர். அதனை ஆழ்ந்து பயின்று, அத்துறை வல்லுநரும் செவிசாய்த்துக் கேட்கும் நிலையை எய்துவார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் தஞ்சை இராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர் ஆவர். இசை அவர்தம் குலத்தொழிலன்று. அவர் அரங்கேறிப் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவருமல்லர். ஆசிரியராயிருந்து மருத்துவரானவர். எனினும், தமிழிசையின் வரலாற்றை எழுதப்புகுவார் எவரும் அவர் பெயரை விடுத்து எழுதுதல் இயலாது. இந்நாளில் நம் மாணவருட் பலர் வகுப்பு முடிந்தபின் கிட்டாரும், அதனினும் தாழ்ந்து ஒலிக்கும் பேஸ் கிட்டாரும் பயின்று இசைக்குழுக்களிற் சேர விழைகின்றனர். ஆதலின், அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் என்னும் ஊர்களைக் கடந்து தென்காசியை அடைகின்றது. அத்தென்காசிக்கும் சுரண்டைக்கும் இடையே சாம்பவர் வடகரை என்னும் சிற்றூர் உளது. அந்நாளில் திருநெல்வேலிச் சீமையிலும், இந்நாளில் தென்காசி மாவட்டத்திலும் அடங்கிய அவ்வூரில், 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் நம் பண்டிதர் பிறந்தார். பெருஞ்செல்வமோ அரசர் ஆதரவோ இல்லாத கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. அவர் உயர்வுக்குக் கருவியாயிருந்தவை கல்வியும் அயரா முயற்சியுமே.

இளமையில் திண்டுக்கல் சென்று, ஆங்கிருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் கற்றுத் தேறி, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பள்ளிப்பாடம் அவருடைய ஆவலுக்குப் போதவில்லை. நிழற்படம் எடுத்தலைப் பயின்றார்; அச்சுத்தொழிலை அறிந்தார்; ஏடுகளைத் தேடிச் சித்த மருத்துவத்தை ஆராய்ந்தார். அந்நாளிலேதான் சடையாண்டிப் பத்தர் என்பாரையடுத்து வயலின் கற்றார். இசையுலகத்துள் அவர் புகுந்த வாயில் இதுவே.

வயலினும் நம் நாட்டிற் பிறந்த கருவியன்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. முத்துசாமி தீக்ஷிதரின் இளவலாகிய பாலுசாமி தீக்ஷிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியரிடம் அதனைக் கற்று, நம் இசைக்கு இயைவித்து, பின்னர் எட்டயபுரம் அரண்மனையில் விளங்கினார். அதன்பின் இரண்டொரு தலைமுறைக்குள் வயலின் இல்லாத கச்சேரி இல்லையென்னும்படி ஆயிற்று. ஆகலின், ஒரு கருவி எத்திசையினின்று வந்தது என்பதனினும், அதனைக் கையிலெடுத்தவர் எத்துணை உழைத்தனர் என்பதே பெரிது.

1877-ஆம் ஆண்டளவில் பண்டிதர் சுருளிமலைக்குச் சென்று, கருணானந்தர் என்னும் சித்தரைக் கண்டு, அவர்பால் மருத்துவ முறைகள் சிலவற்றைப் பெற்றார் என்பர். அப்பெரியாரை அவர் வாழ்நாள் முழுதும் மறந்திலர். தாம் செய்த மருந்துகளுக்குக் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்று பெயரிட்டார்; பின்னர்த் தம் பெருநூலுக்கும் அப்பெயரைத் தழுவியே கருணாமிர்த சாகரம் எனப் பெயரமைத்தார்.

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் அம்மையாரை மணந்து, அடுத்த ஆண்டில் தஞ்சையிற் குடியேறினார். கணவனும் மனைவியும் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப்பணி புரிந்தனர். மருத்துவம் நாளுக்குநாள் பெருகவே, 1890-ஆம் ஆண்டில் பண்டிதர் பள்ளிப்பணியை விடுத்து முழுநேர மருத்துவரானார். அவர்தம் மருந்துகள் இந்தியாவின் பல பகுதிகளுக்கும் சென்றன, செல்வமும் சேர்ந்தது. நகர்ப்புறத்தே நிலம் வாங்கி, மூலிகைகளையும் கரும்பு முதலிய பயிர்களையும் புதுமுறையில் வளர்த்தார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். சென்னை ஆளுநர் சர் ஆர்தர் லாலி அத்தோட்டத்தை நேரிற் கண்டு மகிழ்ந்தார். 1909-இல் இராவ் சாகிப் என்னும் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. இவ்வளவில் நின்றிருப்பினும் அவர் சிறந்த வாழ்வே வாழ்ந்தவராவர். ஆயின் திண்டுக்கல்லிற் கையிலெடுத்த வயலின் அவரை விட்டபாடில்லை.

ஓய்வில் இசை பயில்வார்க்கு எழும் ஐயங்கள் பெரும்பாலும் விரலைப் பற்றியன. பண்டிதருக்கு எழுந்த ஐயமோ சுருதியின் வேரைப் பற்றியது. ஒரு ஸ்தாயியில் அடங்கிய சுருதிகள் எத்தனை? 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரத்தைப் பின்பற்றி, இருபத்திரண்டு என்றே அந்நாளைய அறிஞர் பெரும்பாலோர் கொண்டிருந்தனர். பண்டிதர் அதனைக் கணக்கிட்டுப் பார்த்தார். அவ்வழியே சென்றால் ஷட்ஜமத்திற்குரிய பஞ்சமமும் மத்திமமும் செவியறிந்த நிலையிற் பொருந்தவில்லையென்று கண்டார். பெரியோர் கூறிற்றென்று வாளா இருத்தல் அவர் இயல்பன்று; கூறினார் பிழைத்தனரென்று எளிதில் எள்ளுதலும் அவர் இயல்பன்று. எனவே பழந்தமிழ் நூல்களுள் விடை தேடினார்.

உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்திருந்தார். அந்நூலின் அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும், அவற்றிற்கு எழுந்த பழைய உரைகளும் பண்டிதருக்குப் பெருந்துணையாயின. இராசி வட்டத்தின் பன்னிரண்டு வீடுகளிற் சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலையை அவர் நுணுகி ஆராய்ந்தார். குரலினின்று இளி, அவ்வினியைக் குரலாகக் கொண்டு அதற்கோர் இளி என இவ்வாறே செல்லின், பன்னிரண்டாம் முறையில் தொடங்கிய இடமே வந்து சேரும். அப்பன்னிரண்டும் ஒத்த இடைவெளியுடையன. அவற்றை இவ்விரண்டாகப் பகுப்பின் இருபத்துநான்கு அலகுகளாம். இதுவே அவர் கண்ட முடிபின் சாரம்.

இதனை விளங்கிக்கொள்ள விழையும் மாணவர்க்குப் பேஸ் கிட்டாரே நல்ல கருவியாகும். 1951-இல் அமெரிக்க நாட்டு லியோ பெண்டர் வெளியிட்ட பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் 34 அங்குலம். இன்றும் அதுவே பெருவழக்கு. அதன் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு ஒத்த பங்குகளாகப் பகுப்பன. முதல் மெட்டு ஏறத்தாழ 1.9 அங்குலத்தில் அமையும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 17 அங்குலத்தில் நிற்கும். கருவி வாங்குவோர் முதலிற் செய்யவேண்டிய சோதனையும் ஈதே: பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாதல் வேண்டும். நான்கு தந்திகளும் ஒன்றற்கொன்று மத்திம உறவில் நிற்பன. குழுவிற் சேர்ந்த புதியவர் முதற்கண் வாசிப்பதும் பெரும்பாலும் குரலும் இளியுமே. தம்பூராவின் தந்திகளில் நாம் கேட்பனவும் அவையே.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. தந்தியின் மூன்றில் இரண்டு பங்கை ஒலிப்பித்தால் இயற்கைப் பஞ்சமம் பிறக்கும். அவ்வாறு பன்னிரண்டு முறை ஏறினால் எண் 129.75 அளவில் முடியும். ஏழு ஸ்தாயி ஏறினாலோ 128-இல் முடியும். இரண்டும் ஒன்றாகா. அச்சிறு மிகுதியைப் பன்னிரண்டு இடத்தும் பங்கிட்டுக் கழித்தால்தான் வட்டம் மூடும். 34 அங்குலத் தந்தியில் ஏழாம் மெட்டுக்கும் இயற்கைப் பஞ்சமத்திற்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தின் நாற்பதில் ஒரு பங்கு அளவினதே. இம்மயிரிழை வேறுபாட்டின்மேல் எழுந்ததே பண்டிதர் காலத்துப் பெருவாதம். மடக்கைக் கணக்கின் துணைகொண்டு பக்கம் பக்கமாக அட்டவணைகள் வகுத்து அவர் அதனுள் இறங்கினார்.

தாம் கண்டதைத் தம் அறைக்குள் வைத்துக்கொள்ளாமல், இசைவாணர் அவையில் வைத்தார் என்பதே அவர் வரலாற்றில் நாம் பெரிதும் போற்றும் பகுதி. 1912-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அவையைத் தோற்றுவித்தார். அடுத்தடுத்து ஆறு மாநாடுகள் கூட்டப்பெற்றன. வித்துவான்களும் அறிஞரும் பல ஊர்களினின்றும் வந்தனர். அவர்தம் செலவைப் பண்டிதரே ஏற்றார். மருந்து ஈட்டிய பொருள் இசைக்குச் சென்றது. தம் கொள்கையைப் புகழ்வாரை மட்டும் அழைத்தாரல்லர். மறுப்பாரையும் அழைத்து, அவர் மறுப்பைக் கேட்டு, விடையிறுத்தார்.

1916-இல் பரோடா மன்னர் ஆதரவில் அகில இந்திய இசை மாநாடு கூடிற்று. பண்டிதர் ஆண்டுச் சென்று தம் சுருதிக் கொள்கையை விளக்கினார். சொல்லளவில் நில்லாமல், தம் மகள் மரகதவல்லி அம்மையார் முதலிய குடும்பத்துப் பெண்டிரை வீணையிலும் பாட்டிலும் அதனை மெய்ப்பிக்கச் செய்தார். குடும்பப் பெண்டிர் பொது அவையிற் பாடுதல் அரிதாயிருந்த காலம் அது. வீட்டிற் பயின்ற இசையை நாடறிந்த வல்லுநர்முன் நிறுத்துதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை மாணவர் எண்ணிப்பார்ப்பாராக.

அடுத்த ஆண்டாகிய 1917-இல், தஞ்சையில் தம்முடைய லாலி மின்னியக்க அச்சகத்திலேயே கருணாமிர்த சாகரத்தை அச்சிட்டு வெளியிட்டார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலில் பழந்தமிழிசை வரலாறும், சுருதிக் கணக்கும், பிறர் கொள்கைகளின் ஆராய்ச்சியும் அடங்கியுள்ளன. ஒரு மருத்துவர் தம் ஓய்வுப்பொழுதைக் கொண்டு இத்துணையும் செய்தார்.

அவர் முடிபை உலகம் முழுதும் ஏற்றுக்கொண்டதோவெனின், இல்லை. அவருக்குப் பின்னும் இருபத்திரண்டு என்னும் வழக்கை விடாதவர் பலர். கமகத்தால் அசையும் நம் சுரங்களை ஒத்த அலகுகளில் அடைத்தல் பொருந்துமோ என்னும் கேள்வியும் வலியுடையதே. வீணையில் தந்தியை இழுத்து வாசிப்பார் மெட்டுக்கு மெட்டு இடைப்பட்ட ஒலிகளையெல்லாம் தொடுகின்றனர். ஆயினும், சிலப்பதிகாரத்துள் இசையிலக்கணம் உளது என்பதனையும், அதனைக் கணக்காலும் கருவியாலும் சோதித்தல் கூடும் என்பதனையும் ஐயமற நாட்டியவர் அவரே. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூல் முதலாகப் பின்வந்த ஆராய்ச்சிகள் நடந்த நெறியில் முன்னரே நடந்தவர் அவர்.

நூல் வெளிவந்து இரண்டாண்டு கழிந்து, 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் பண்டிதர் இவ்வுலக வாழ்வை நீத்தார். எஞ்சிய பகுதி கையெழுத்தாகவே கிடந்தது. பரோடாவில் தந்தையாருடன் சென்ற மரகதவல்லி அம்மையார் அதனைக் காத்து, 27 ஆண்டுகள் கழித்து 1946-இல் இரண்டாம் புத்தகமாக வெளிக்கொணர்ந்தார். தஞ்சையில் ஒரு சாலை இன்றும் பண்டிதர் பெயரால் வழங்குகின்றது.

கருவியைக் கையிலெடுக்கும் மாணவர் அனைவரும் பெருநூல் இயற்றவேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆயினும், நல்லாசிரியரை அடுத்துக் கற்றலும், கருவியின் இயல்பை அளந்தறிதலும், தம்மின் வல்லார் இருக்கும் அவையிற் கூசாது சென்று சேர்தலும், ஆண்டுத் தம் செவிக்கு ஐயம் தோன்றுமிடத்து அடக்கத்தோடு வினாவுதலும் எவர்க்கும் இயல்வனவே. இருபத்துநான்கு என்பதை மறுப்பாரும், மறுக்குமுன் பண்டிதரைப்போல உட்கார்ந்து கணக்கிட்டே தீரவேண்டும்.