கம்பியின் எதிரொலியைக் கணக்கிட்டவர்: ஒலிவர் ஹெவிசைட்

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பிரதேசத்தில் வயல்வெளிகளுக்கு மத்தியில் அமைந்துள்ள கிளிவெட்டி, பெரும்பாலும் போரின் அவலங்களோடு சேர்த்தே வெளியுலகில் பேசப்பட்டு வந்துள்ளது. 2006 ஆம் ஆண்டில் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, ஆண்டுக்கணக்கில் அங்கிருந்த முகாமிலேயே வாழ நேரிட்டது. அதே ஆண்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்து சென்றனர். பிரிந்துபோன உறவினர் ஒருவரின் குரலைக் கேட்பதற்கு ஒரு தொலைபேசி இணைப்பு எவ்வளவு பெறுமதியானது என்பதை இப்பகுதியின் இரு சமூகத்தவருக்கும் எவரும் எடுத்துக்கூற வேண்டிய அவசியமில்லை.

தொலைபேசிச் செப்புக்கம்பியினூடாகவே அதிவேக இணையத்தையும் வழங்கும் ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம் பரவத் தொடங்கியபோது, கிராமங்களுக்குப் புதியதொரு தடை தோன்றியது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு வரையான கம்பி ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேல் நீண்டுவிட்டால் அந்தச் சேவை பெரும்பாலும் பயன்தருவதில்லை. கம்பி குறுகியதாக இருந்தாலும் இடையிலுள்ள பழுதுகள் அதனைக் கெடுத்துவிடும். இணைப்புக் கோருபவருக்குக் கிடைக்கக்கூடிய பதிலோ, கம்பி பொருத்தமற்றது என்ற ஒற்றை வாக்கியமே. நிலத்தின் கீழே புதைந்து கிடக்கும் ஒரு கம்பியைத் தோண்டிப் பாராமல் அவ்வாறு தீர்ப்புக் கூறுவது எவ்வாறு? அதற்கு அளவீடு உண்டா, அல்லது அது வெறும் ஊகமா?

அளவீடு உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தை அறிந்த வாசகர்களுக்கு அதனை விளக்குவது இலகு. கப்பலின் அடியிலிருந்து ஒலித்துடிப்பொன்றைக் கடலுக்குள் செலுத்தி, அது அடித்தளத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கிறார்கள் அல்லவா? அவ்வாறே கம்பியின் ஒரு முனையிலிருந்து மிகக் குறுகிய மின்துடிப்பொன்று செலுத்தப்படுகின்றது. கம்பி ஒரே சீராக இருக்கும் வரை துடிப்பு முன்னோக்கியே செல்லும். அறுந்த இடம், ஒன்றோடொன்று முட்டிய இடம், நீர் புகுந்த மூட்டு, எவரும் பயன்படுத்தாமல் கைவிட்ட கிளைக்கம்பி ஆகிய எதனைச் சந்தித்தாலும் துடிப்பின் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்பி வரும். செப்புக்கம்பியில் அத்துடிப்பு ஒரு மைக்ரோசெக்கனில் ஏறத்தாழ 200 மீற்றர் ஓடுகின்றது. எனவே எதிரொலி 15 மைக்ரோசெக்கனில் திரும்பினால் போகவும் வரவுமாக 3 கிலோமீற்றர்; பழுது இருப்பது 1.5 கிலோமீற்றர் தொலைவில். அறுந்த கம்பியின் எதிரொலி நிமிர்ந்தும், முட்டிய கம்பியின் எதிரொலி தலைகீழாகவும் வருவதால், பழுது எங்கே என்பதோடு எத்தகையது என்பதும் தெரிந்துவிடுகின்றது.

மின்துடிப்பு கம்பியில் எவ்வாறு ஓடுகின்றது, முனையில் மோதி எவ்வாறு திரும்புகின்றது, எந்நிலையில் திரும்பாமல் முற்றாக உறிஞ்சப்படுகின்றது என்பவற்றையெல்லாம் முதன்முதலில் முழுமையாகக் கணக்கிட்டுக் காட்டியவர் ஒலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கிலேயர். மின்பொறியியல் உலகில் பெரும்புகழ் பெற்ற இம்மனிதர் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்தவரல்லர்.

1850 ஆம் ஆண்டு மே 18 ஆம் திகதி இலண்டன் நகரின் கம்டன் ரவுண் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை மரச்செதுக்கு ஓவியங்களைச் செய்து சொற்ப வருமானம் ஈட்டிய கலைஞர். சிறுவயதில் கண்ட செங்காய்ச்சல் ஒலிவரின் கேட்கும் திறனைப் பெரிதும் பாதித்தது. பிற பிள்ளைகளோடு கலந்து பழக முடியாத அச்சிறுவன் தனிமையிலேயே வளர்ந்தான். 16 வயதோடு பாடசாலைக் கல்வியும் நின்றுவிட்டது. செவித்திறன் குன்றிய ஒருவர் பின்னாளில் தொலைபேசிக் குரலின் தெளிவுக்காகப் போராடினார் என்பது விந்தையானதே.

எனினும் அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. தாயின் சகோதரியை மணந்திருந்தவர் தந்தித் தொழில்நுட்பத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சார்ள்ஸ் வீற்ஸ்ரன். அவருடைய வழிகாட்டலில் வீட்டிலிருந்தே தந்திக் குறியீடுகளையும் டேனிஷ், ஜேர்மன் மொழிகளையும் கற்ற ஒலிவர், 1868 இல் டென்மார்க் சென்று தந்தி இயக்குநரானார். இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு மாற்றப்பட்டார். கடலடிக் கம்பி பழுதடையும்போது, கப்பலை அனுப்புவதற்கு முன்னர் கரையிலிருந்தே மின்தடையை அளந்து பழுது எத்தனையாவது மைலில் உள்ளது என்று கணித்தாக வேண்டும். கணிதத்தின் பயனை ஹெவிசைட் நேரில் உணர்ந்தது இந்த வேலையில்தான்.

1873 இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூல் வெளிவந்தது. அதனைப் புரட்டிய ஹெவிசைட்டுக்கு அதில் பெரும்பகுதி விளங்கவில்லை. விளங்கிக்கொண்டே தீருவது என்று முடிவு செய்த அவர், 1874 இல் 24 ஆவது வயதில் தொழிலை உதறிவிட்டுப் பெற்றோரின் வீட்டுக்கே திரும்பினார். அதன் பின்னர் ஆயுள் முழுவதும் அவர் எவ்வித உத்தியோகமும் பார்க்கவில்லை. நம்மவர் குடும்பமொன்றில் ஒரு மகன் இவ்வாறு செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். ஹெவிசைட் குடும்பம் முணுமுணுத்ததோ என்னவோ, அவரை வெளியேற்றவில்லை. பூட்டிய அறையில் பல ஆண்டுகள் அவர் கற்றார். மக்ஸ்வெல் இருபது சமன்பாடுகளாக விட்டுச் சென்றதை நான்காகச் சுருக்கி வடிவமைத்தார். இன்று உயர்கல்வி மாணவர்கள் மக்ஸ்வெல்லின் பெயரில் படிக்கும் அந்த நான்கு சமன்பாடுகளும் ஹெவிசைட்டின் கைவண்ணம் பெற்றவையே.

தந்திக் கம்பி பற்றி அக்காலத்தில் நிலவிய கோட்பாடு, கம்பியின் தடையையும் அதன் மின்கொள்ளளவத்தையும் மாத்திரமே கருத்திற் கொண்டது. அதன்படி மின்குறி என்பது இரும்புக் கோலில் வெப்பம் பரவுவதுபோல் மெல்ல மெல்லக் கசிந்து செல்லும் ஒன்று. ஹெவிசைட் அதனோடு தூண்டற்றிறனையும் மின்கசிவையும் சேர்த்தார். அவ்வளவில் படம் முற்றாக மாறியது. மின்குறி ஓர் அலையாக, குறித்த வேகத்தோடு ஓடுவது தெரிந்தது. அலையென்றால் அதற்கு எதிரொலியும் உண்டு. கம்பியின் முனையிலுள்ள சாதனம் கம்பியின் இயல்போடு ஒத்துப்போனால் அலை முழுவதும் அதற்குள் சென்றுவிடும். ஒத்துப்போகாவிட்டால் எஞ்சியது திரும்பும். இந்த இயல்பைக் குறிக்க அவர் 1886 இல் உருவாக்கிய இம்பீடன்ஸ் என்ற சொல்லைத்தான் இன்றும் உலகெங்குமுள்ள மின்பொறியியலாளர்கள் பயன்படுத்துகின்றனர்.

அதே கணக்கிலிருந்து இன்னொரு முடிவும் பிறந்தது. தடைக்கும் தூண்டற்றிறனுக்கும் உள்ள விகிதம், மின்கசிவுக்கும் கொள்ளளவத்துக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமானால், குரல் எவ்வளவு தூரம் சென்றாலும் வலுக் குன்றுமேயன்றி உருச்சிதையாது. நடைமுறையிலுள்ள கம்பிகளில் தூண்டற்றிறன் மிகக் குறைவு. ஆகவே அதனை வேண்டுமென்றே அதிகரிக்க வேண்டும் என்றார் அவர்.

இங்கேதான் அதிகாரம் குறுக்கிட்டது. பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் மின்னியல் தலைமைப் பதவியில் இருந்தவர் வில்லியம் பிரீஸ். தந்தியும் தொலைபேசியும் அவருடைய செல்வாக்கின் கீழேயே இருந்தன. தூண்டற்றிறன் குரலைக் கெடுக்கும் தீங்கு என்பது பிரீஸின் உறுதியான நம்பிக்கை. அதனை நீக்கக் கனத்த செப்புக்கம்பியே போதும் என அவர் பகிரங்கமாகக் கூறி வந்தார். ஒலிவரின் அண்ணன் ஆர்தர் அதே திணைக்களத்தில் நியூகாசிலில் பொறியியலாளர். சகோதரர் இருவரும் சேர்ந்து 1887 இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை வெளிவருவதை பிரீஸ் தடுத்தார். அண்ணனுக்கு அவர் மேலதிகாரி என்பதால் அண்ணன் வாய்திறக்க முடியவில்லை. தம்பிக்கோ இழப்பதற்குப் பதவி இல்லை. அவர் கடுமையான ஏளனத்தோடு தொடர்ந்து எழுதினார்.

அவ்வெழுத்துக்கு இடமளித்து வந்தது எலெக்ரிசியன் என்ற வார இதழ். 1887 இன் பிற்பகுதியில் அதன் ஆசிரியர் பதவியிழந்தார். புதிதாக வந்தவர், ஹெவிசைட்டின் தொடரை எவரேனும் வாசிக்கிறார்களா என்று விசாரித்துப் பார்த்து, ஒருவரும் இல்லை என்று கண்டு தொடரை நிறுத்தினார். ஒரு பத்திரிகையின் பக்கத்திலிருந்து இதனை எழுதும் எமக்கு அச்சம்பவம் கசப்பாகவே உள்ளது. வாசகர் தொகையை மட்டும் பார்த்த அந்தத் தீர்மானத்தால், நெடுந்தூரத் தொலைபேசிக்கான வழி அது பிறந்த நாட்டிலேயே முடங்கிக் கிடந்தது.

அடுத்த ஆண்டே காற்று திசை மாறியது. 1888 இல் ஜேர்மனியில் ஹைன்ரிச் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளைப் பரிசோதனையில் காட்டினார். அலைகள் எதிரொலித்துத் திரும்புவதையும் அவர் அளந்தார். 1889 இல் அன்றைய பெரும் விஞ்ஞானி வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, ஹெவிசைட்டின் பணியைப் பகிரங்கமாகப் பாராட்டினார். 1891 இல் றோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

ஆயினும் பணம் வேறு பக்கம் சென்றது. கம்பியின் இடையிடையே சுருள்களைச் செருகித் தூண்டற்றிறனைக் கூட்டலாம் என்பதை ஹெவிசைட் 1893 இல் வெளியிட்ட நூலில் குறிப்பிட்டிருந்தார், காப்புரிமை பெறவில்லை. அமெரிக்காவில் ஜோர்ஜ் கெம்பெல் அக்கோட்பாட்டின் வழியே சுருள்களை வடிவமைத்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் பியூப்பின் 1900 இல் காப்புரிமை பெற்றார். அதனை விலைக்கு வாங்கிய அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் பியூப்பினுக்குப் பெருந்தொகை கொடுத்தது. தொலைபேசிக் குரல் எட்டும் தூரம் ஏறத்தாழ இருமடங்காகியது. ஹெவிசைட்டுக்குச் சல்லிக்காசும் வந்து சேரவில்லை.

அந்தச் சுருள்களின் பிற்காலக் கதை கவனிக்கத்தக்கது. அவை குரலுக்குரிய தாழ்ந்த அதிர்வெண்களைச் சீராக்குகின்றன. அதற்கு மேற்பட்டவற்றை அடியோடு மறிக்கின்றன. தொலைபேசிக் குரலுக்கு 3,400 ஹேர்ட்ஸ் போதும். ஏடிஎஸ்எல்லுக்கோ 11 இலட்சம் ஹேர்ட்ஸ் வரை வேண்டும். இதனால் நூறு ஆண்டுகளுக்கு முன் தூரக் கிராமங்களுக்குக் குரலைக் கொண்டுசென்ற சுருளே, அதே கம்பியில் இணையம் செல்வதற்குத் தடையாகிவிட்டது. அமெரிக்கா போன்ற நாடுகளில் இச்சுருள்கள் ஏறத்தாழ 1,830 மீற்றருக்கு ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்தன. பழைய வரைபடங்கள் தொலைந்த இடங்களில் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து அகற்றுவதற்குக் கைகொடுத்தது எதிரொலிச் சோதனைதான். ஹெவிசைட்டின் ஒரு கணக்கு புதைத்து வைத்ததை அவருடைய இன்னொரு கணக்கு காட்டிக்கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

இன்று அச்சோதனையைத் தொலைபேசி நிலையத்திலிருந்தே, வீட்டுப் பக்கத்தில் எவரும் இல்லாமல் செய்ய முடியும். கம்பியின் நீளம், கிளைகள், எதிர்பார்க்கக்கூடிய வேகம் ஆகியவை சில நிமிடங்களில் தெரியவரும். அப்படியிருக்கையில், கிளிவெட்டியிலோ தோப்பூரிலோ உள்ள ஒருவரிடம் கம்பி பொருத்தமற்றது என்று மட்டும் கூறி அனுப்புவது நியாயமாகாது என்பதே எமது நிலைப்பாடு. தூரம் அதிகமென்றால் அதற்குப் பரிகாரம் வேறு. நீர் புகுந்த மூட்டென்றால் பரிகாரம் வேறு. முன்னையதற்குப் புதிய நிலையம் வேண்டும். பின்னையதற்கு ஒரு தொழிலாளியின் அரைநாள் வேலை போதுமாகலாம். எதிரொலி காட்டியது எது என்று அறிந்தால்தான் மக்கள் எதனைக் கோருவது என்று தீர்மானிக்க முடியும். செப்பின் இடத்தை இப்போது கண்ணாடியிழை பிடித்து வருகின்றது. பலருக்குக் கையடக்கத் தொலைபேசியே இணையமாகவும் உள்ளது. ஆனால் கண்ணாடியிழையைச் சோதிக்கும் கருவியும் ஒளித்துடிப்பை அனுப்பி எதிரொலியையே அளக்கின்றது. எனவே இக்கேள்வி செப்போடு முடிந்துபோகவில்லை.

ஹெவிசைட் 1889 முதல் இங்கிலாந்தின் தென்மேற்கேயுள்ள பேய்ன்ரன் என்ற கடலோர ஊரில், சகோதரர் ஒருவரின் இசைக்கருவிக் கடையின் மேல்மாடியில் பெற்றோருடன் வாழ்ந்தார். 1894 இல் நண்பர்கள் றோயல் சங்க நிதியிலிருந்து உதவி பெற்றுக்கொடுக்க முயன்றபோது, அது பிச்சை எனக் கருதி மறுத்துவிட்டார். இரண்டு ஆண்டுகளின் பின் அரசாங்கம் வழங்கிய வருடாந்தம் 120 பவுண் ஓய்வூதியத்தை, அது தமது பணிக்கான மதிப்பு என்று நண்பர்கள் விளக்கிய பின்னரே ஏற்றார்.

1902 இல் கலைக்களஞ்சியமொன்றுக்கு எழுதிய கட்டுரையில், வளிமண்டலத்தின் மேலே மின்னைக் கடத்தும் படையொன்று இருக்கலாம் என்றும், அது வானொலி அலைகளைப் பூமியை வளைத்துச் செல்லச் செய்யலாம் என்றும் அவர் ஊகித்தார். அமெரிக்காவில் ஆதர் கெனலியும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தார். அத்தகைய வான்படைகளில் பட்டுத் திரும்பிய சிற்றலைகளாகவே பீபீசி தமிழோசை எம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. திருகோணமலைக்கு அருகே ஜேர்மனியின் டொய்ச்செ வெல்லெ வானொலி அமைத்திருந்த அஞ்சல் நிலையமும் அவ்வழியாகவே தூர நாடுகளுக்கு ஒலிபரப்பியது.

1908 இல் அருகிலுள்ள ரோர்க்கீ நகருக்குச் சென்ற ஹெவிசைட், கடைசிக் காலத்தைப் பெரும்பாலும் தனிமையிலேயே கழித்தார். எரிவாயுக் கட்டணம் செலுத்த முடியாமல் அந்த நிறுவனத்தோடு ஓயாது சண்டையிட்டார். 1922 இல் மின்பொறியியலாளர் நிறுவகம் தனது பரடே பதக்கத்தை முதன்முதலாக அவருக்கே வழங்கியது. 1924 டிசெம்பரில் எட்வேட் அப்பிள்ரன் இங்கிலாந்தில் நடத்திய பரிசோதனை, வானொலி அலைகள் மேலிருந்து எதிரொலித்து வருவதை அளந்து, அந்த மேற்படை உண்மையிலேயே உள்ளது என நிறுவியது. சில வாரங்களின் பின், 1925 பெப்ரவரி 3 ஆம் திகதி, ஏணியிலிருந்து விழுந்து காயமுற்றிருந்த ஹெவிசைட் தமது 74 ஆவது வயதில் காலமானார். பேய்ன்ரன் மயானத்தில், பெற்றோரின் கல்லறையிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.