இரு கடல்கள் கூடிய இடம்

ஷாஜகானுக்கும் மும்தாஜுக்கும் மூத்த ஆண்மகவாக 1615ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அஜ்மீரில் பிறந்தவர் தாரா ஷிகோ. அவ்வூர் குவாஜா முயீனுத்தீன் சிஷ்தி அடங்கிய தலம். ஆண்மகவு வேண்டித் தந்தை அங்கே இறைஞ்சியதன் பயனே தம் பிறப்பு என்பது தாராவின் நம்பிக்கை. அரசு கட்டில் அவருக்கென்றே காத்திருந்தது. அவர் மனமோ லாகூரில் எளிய வாழ்வு நடத்திய மியான் மீர் என்னும் சூஃபிப் பெரியவரையே நாடியது. அப்பெரியவர் 1635இல் மறைந்தபின், அவருடைய மாணாக்கர் முல்லா ஷாவிடம் தாரா காதிரி நெறியில் தீட்சை பெற்றார். காதிரி என்பதையே தம் கவிப்பெயராகவும் சூடிக்கொண்டார்.

போர்க்களம் அவருக்கு வாய்க்கவில்லை. 1653இல் காந்தகாரை மீட்கப் பெரும்படையுடன் சென்று வெறுங்கையுடன் திரும்பினார். திரும்பும் வழியில் லாகூரில் பாபா லால் தாஸ் என்னும் துறவியைச் சந்தித்தார். தோற்று வந்த இளவரசர் மாணவராய் அமர்ந்து வினவ, துறவி விடை கூறினார். உருவ வழிபாடு எதற்கு என்ற வினாவிற்குத் துறவி தந்த விளக்கம் நினைவிற்குரியது. மணமாகும்வரை பெண்குழந்தைகள் பொம்மை வைத்து விளையாடுவதை அவர் சுட்டினார். மனம் ஒருமைப்படும்வரை உருவம் துணை நிற்கும், உட்பொருள் கைவந்தபின் தானே நழுவும் என்பது அவர் கருத்து. இவ்வுரையாடலைப் பாரசீகத்தில் பெயர்த்தவர் அரண்மனை எழுத்தரும் கவிஞருமான சந்திர பான் பிராமணர்.

இதன் விளைச்சலாக 1655இல் எழுந்தது மஜ்மஉல் பஹ்ரைன். இரு கடல்களின் சங்கமம் என்பது அப்பெயரின் பொருள். அளவில் சிறிய நூல்தான். ஆயினும் அதில் தாரா மேற்கொண்ட பணி, சொல்லுக்குச் சொல் தேடும் பணி. ரூஹ் என்பதற்கு ஆன்மாவையும், ஜிப்ரயீல், மீக்காயீல், இஸ்ராஃபீல் என்னும் வானவர்க்கு அயன், அரி, அரன் மூவரையும் இணையாக வைத்தார். எல்லாவற்றினும் வியப்பளிப்பது, இஷ்க் என்னும் காதலுக்கு இணையாக மாயையை வைத்ததே. மாயையை மலமென்று பயின்ற நமக்கு இது திடுக்கிடும் இணைப்பு. இறைவன் தன்னை அறியப்பெற விரும்பினான், அவ்விருப்பமே உலகாய் விரிந்தது என்பது சூஃபியர் கொள்கை. அவ்வழியே நோக்கினால் உலகைத் தோற்றுவிக்கும் ஆற்றல் மயக்கமன்று, அன்பு. இவ்விணைப்பு சரியா என்று சாத்திர வல்லுநர் வழக்காடலாம். கவிஞர் வழக்காட மாட்டார்.

அடுத்து உபநிடதங்களைக் கையிலெடுத்தார். காசியிலிருந்து பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் வரவழைத்து, தில்லியில் யமுனைக் கரையிலிருந்த தம் மாளிகையில் அவர்களோடிருந்து, ஆறே திங்களில் ஏறத்தாழ ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகமாக்கினார். சிர்ரே அக்பர் என்னும் அம்மொழிபெயர்ப்பு 1657இல் நிறைவுற்றது. குர்ஆன் குறிப்பிடும் மறைவான நூல் இதுவே என்று முன்னுரையில் துணிந்து எழுதினார். தம் மறையை விட்டு அவர் அங்கே போகவில்லை. தம் மறைக்கு விளக்கம் தேடியே போனார்.

அவ்வாண்டு செப்டம்பரில் ஷாஜகான் நோயுற்றார். உடன்பிறந்தார் நால்வரும் அரியணைக்கு மோதினர். 1658 மே மாத இறுதியில் ஆக்ராவை அடுத்த சாமுகரில் தாரா யானையை விட்டு இறங்க, அவர் வீழ்ந்துவிட்டதாகப் படை எண்ணிச் சிதறியது. ஓட்டத்தின் நடுவே மனைவி நாதிரா பேகம் இறந்தார். அவர் உடலை மியான் மீரின் அடக்கத்தலத்தருகே புதைக்குமாறு, எஞ்சிய வீரர் சிலரையும் உடனனுப்பி வைத்தார் தாரா. முன்பு தாம் உயிர்காத்த மாலிக் ஜீவனே அவரைப் பிடித்துக் கொடுத்தான். தில்லித் தெருக்களில் இழிந்த கோலத்தில் யானைமீது ஊர்வலம் விடப்பட்டபோது மக்கள் அழுததைப் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் நேரில் கண்டு எழுதியுள்ளார். 1659 ஆகஸ்டு இறுதியில், சமயம் பிறழ்ந்தவர் என்னும் தீர்ப்பின்மேல் தாரா கொல்லப்பட்டார்.

அந்நூல்களுக்காகவே அவர் மடிந்தார் என்பது பாதி உண்மையே. அத்தகைய குற்றம் எதுவும் சாற்றப்படாத முராதும் 1661இல் அதே அவுரங்கசீப்பின் ஆணையால் மாண்டார். அரியணைக்கு வேண்டியது தடை நீங்குதல். தாராவின் நூல்கள் அதற்குக் காரணம் தந்தன. மற்றொன்றையும் மறைத்தலாகாது. பாபா லாலின் முன் பணிந்தமர்ந்த தாரா, அரசவைப் பிரபுக்களை எள்ளினார். அறிவுரை கூற முன்வந்தோரை மதியாது ஒதுக்கினார். தம் சமயத்து உலமாக்களை மூடரென்று கடிந்தார். அயல் சமயத்தாரிடம் பூண்ட பொறுமையைத் தம்மவரிடம் அவர் பூணவில்லை. இடர் வந்த வேளையில் துணைநிற்க வேண்டியோர் அவர்களே.

அவரோடு அளவளாவிய சர்மதும் ஓரிரு ஆண்டுகளில் தலை வெட்டப்பட்டார். யூதராய்ப் பிறந்து இசுலாம் தழுவி, ஆடையும் துறந்து திரிந்தவர் அக்கவிஞர். கலிமாவை ஓதப் பணித்தபோது, இறைவன் இல்லை எனும் முற்பகுதியோடு அவர் நிறுத்திக்கொண்டதாகவும், மறுப்பையே தாம் இன்னும் கடக்கவில்லை என்றதாகவும் வழிவழிச் செய்தி உண்டு. அத்தகையோர்க்கும் தாராவின் அவையில் இருக்கை இருந்தது.

ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் பெயரற்ற பல சமாதிகளுக்கிடையே தாரா உறங்குகிறார். எது அவருடையதென்று கண்டறிய 2020இல் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. நூலோ நெடுந்தொலைவு சென்றது. ஆங்கெத்தில் துப்பெரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அப்பாரசீகப் பெயர்ப்பை இலத்தீனாக்கி 1801, 1802ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவர் அதனை வாழ்நாள் துணையாகக் கொண்டார். வடமொழியிலிருந்து நேரே பெயர்க்கப்படாத அந்நூலின் தலைப்பு ஔப்னெகட். உபநிடதம் என்ற சொல் பாரசீகத்தில் பெற்ற உருவம் அது.