எட்வர்டு விம்ப்பர்

மலையேறும் வீரரிடம் அபாயத்தைக் குறித்து எச்சரித்தால், அவர் எச்சரித்தவரை நோக்கிப் புன்னகை செய்துவிட்டு மலையையே நோக்குவார் என்பது நாம் நூல்களால் அறிந்த உண்மை. இதற்கு எட்வர்டு விம்ப்பரினும் சிறந்த உதாரண புருஷர் நமக்குக் கிடைப்பது அரிது.

விம்ப்பர் 1840-ம் ஆண்டில் லண்டன் மாநகரில் பிறந்தார். மரத்தில் சித்திரம் செதுக்குதலே அவர் குலத்தொழில். 1860-ல் பிரசுரகர்த்தர் ஒருவர் ஆல்ப்ஸ் மலைக் காட்சிகளை வரைந்து வருமாறு அவரை அனுப்பினார். வரையச் சென்றவர் ஏறத் தொடங்கினார்! 14,692 அடி உயர்ந்து நிற்கும் மாட்டர்ஹார்ன் சிகரம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் உச்சியில் பேய்கள் வாழ்கின்றன என்று பள்ளத்தாக்கு மாந்தர் அச்சுறுத்தினர், அவர் நகைத்தார். 1862-ல் தனியே ஏறி இறங்குகையில் ஏறக்குறைய 200 அடி உருண்டு தலையிற் பலத்த காயமுற்றார். மலையே விடுத்த இவ்வெச்சரிக்கையும் பயன்படவில்லை. சில நாட்களிலேயே மீண்டும் ஏறினார்.

1865 ஜூலை 14-ந் தேதி எழுவர் கூடிச் சிகரத்தை முதன்முதலாக அடைந்தனர். அவர்களுள் ஹாடோ என்பார் பத்தொன்பது வயதினர், மலைப் பழக்கம் மிகக் குறைந்தவர். அவரை அழைத்துச் செல்லலாமோ என்று விம்ப்பரே முன்னர் ஐயுற்று வினவியிருந்தார். தோழர் ஹட்ஸன் உறுதி கூறவே ஐயம் அடங்கிற்று. தமக்குத் தோன்றிய எச்சரிக்கையையும் பிறர் சொல்லுக்கு விட்டுக்கொடுத்த இவ்விடமே அவர் சரிதையில் நம் மனத்தை மிகவும் வருத்துவது. இறங்கும்போது ஹாடோ கால் வழுக்கி, முன்னே நின்ற வழிகாட்டி குரோஸ் மீது வீழ்ந்தார்; ஹட்ஸனும் டக்ளஸ் பிரபுவும் உடனிழுக்கப்பட்டனர். டக்ளஸ் பிரபுவுக்கும் முதிய டாக்வால்டருக்கும் இடையே கட்டியிருந்த கயிறு அறுந்தது. வலிய கயிறுகள் கைவசம் இருந்தும், அவ்விடத்தில் அமைந்தது நலிந்த பழங்கயிறு! நால்வரும் சுமார் 4,000 அடி கீழே பனிக்கட்டியாற்றில் வீழ்ந்து மாண்டனர். டக்ளஸின் உடல் இன்றளவும் அகப்படவில்லை.

இங்கிலாந்துப் பத்திரிகைகள் சீறின. 1882-ல் வேறு சில மரணங்கள் நேர்ந்தபோது, மலையேற்றத்தைச் சட்டத்தால் தடுக்கலாகுமோ என விக்டோரியா மகாராணியார் வினவியதும் உண்டு. தடை வரவில்லை, ஏறுவோரும் ஓயவில்லை.

விம்ப்பரும் ஓய்ந்தாரல்லர். 1871-ல் தம் அனுபவங்களை நூலாக்கி, துணிவோடு விவேகமும் வேண்டுமென்று அதன் இறுதியில் இளைஞருக்கு எச்சரிக்கை வரைந்தார். பிறர் எச்சரிக்கைக்குச் செவி சாய்க்காதவர் தாமே எச்சரித்தமை விந்தையன்றோ! 1874-ல் அதே சிகரத்தில் மீண்டும் ஏறினார். 1880-ல் தென் அமெரிக்காவின் சிம்பொராஸோ உச்சியை இருமுறை எய்தினார். மலையில் மடியாது, 1911-ல் ஆல்ப்ஸ் அடிவாரத்துச் ஷமோனி நகரில் நோயுற்று மரித்தார். அறுந்த கயிற்றுத் துண்டு ஸெர்மாட் நகர்க் காட்சிசாலையில் இன்றும் வைக்கப்பட்டிருக்கிறது.